ஒரு கணக்கில் ஓடும் ஜாவா, மற்ற கணக்குகளில் ஓடவில்லையா?

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்துக்கு உபுண்டு இயங்குதளம் போட்ட கணினிகள் வாங்கினோம். விற்றவரே ஜாவாவை /ஆப்ட்/ஜேடிகே என்ற இடத்தில் நிறுவிக் கொடுத்தார். நிர்வாகி கணக்கில் ஜாவாசி (ஜாவா நிரலைத் தொகுக்கும்) கட்டளை ஓடுகிறது. மாணவர் கணக்குகளில் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. சரிசெய்யக் கணக்குக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கணக்கு எத்தனை இருந்தாலும், ஒரு கணினிக்கு ஒரு கோப்பு போதும். ஜாவாவில் பழுதில்லை. கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் (ஃபோல்டர்களில்) தேட வேண்டும் என்று சொல்லும் பட்டியல்தான் பாத். நிறுவியவர் பாத் வரியை நிர்வாகியின் .பாஷ்ஆர்சி (அந்த ஒரு கணக்குக்கான அமைப்பு) கோப்பில் மட்டும் எழுதியிருப்பார். மாணவர்களின் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதைப் படிக்காது.

சூடோ (நிர்வாகி) உரிமையுடன் /ஈடிசி/ப்ரொஃபைல்.டி/ஜாவா.எஸ்எச் என்று புதுக் கோப்பு திறந்து இந்த ஒரு வரியை எழுதுங்கள் (தட்டுவது ஆங்கிலத்தில், பாத் மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து):

எக்ஸ்போர்ட் பாத்="$பாத்:/ஆப்ட்/ஜேடிகே/பின்"

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. $பாத் விட்டுப்போனால் பழைய பாதைகள் அழிந்து, எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) கூட ஓடாது. கோப்புப் பெயர் .எஸ்எச் என்று முடியாவிட்டால் கணினி அதைச் சீண்டாது. அனுமதி 644 (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் மாற்றலாம்) போதும். புது டெர்மினல் திறந்தால் மட்டும் மாற்றம் தெரியாது. லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். அப்போதும் அதே பிழை வந்தால் /ஆப்ட்/ஜேடிகே, அதற்குள் இருக்கும் ‘பின்’ ஆகிய இரண்டு அடைவுகளின் அனுமதியையும் பாருங்கள்: 755 (எல்லோரும் உள்ளே நுழையலாம், உரிமையாளர் மட்டும் மாற்றலாம்) இருக்க வேண்டும்.

இதே வரியை /ஈடிசி/என்விரான்மென்ட் கோப்பில் போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல. அங்கே $பாத் விரிவடையாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும்.

ஓரிரண்டு கட்டளைதான் தேவை என்றால் இன்னும் எளிது: எல்என் -எஸ் கட்டளை கொண்டு /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் அவற்றுக்கு இணைப்பு போடுங்கள். அந்த அடைவு எல்லோருடைய பாத்திலும் ஏற்கெனவே உண்டு.

சூடோவோடு ஓட்டினால் இந்த பாத் செல்லாது. அதற்கு வைசூடோ (சூடோ அமைப்பைத் திருத்தும் கட்டளை) மூலம் செக்யூர்_பாத் (சூடோவுக்கான தனி பாத்) வரியில் சேர்க்க வேண்டும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானும் இதைப் படிக்காது, அங்கே முழுப் பாதையையே எழுதுங்கள்.

அடுத்த முறை பில்லில் ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவல்’ என்று எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் விற்பவரையே புதுக் கணக்கு ஒன்று திறக்கச் சொல்லி, அதில் ‘விச் ஜாவாசி’ தட்டிப் பாருங்கள்: ஜாவாசி இருக்கும் பாதை வர வேண்டும்.