பெர்ன் நகரம் போன டிரினிடாட் டிரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்கள் பள்ளிக்கு ஒரு பன்னாட்டுக் கலைப் பரிமாற்றத் திட்டத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. தலைப்பு 'கரீபிய மரபும் சூழல் நலமும்'. பிள்ளைகள் பிளாஸ்டிக் பாட்டிலில் ஸ்டீல்பான் வாத்தியம் செய்து, படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். குப்பையில் கலை செய்வதுதான் கரீபிய மரபா? இதனால் யாருக்கு என்ன பயன்?

ஓர் ஓவிய ஆசிரியர், சிவகங்கை

அன்புள்ள நண்பருக்கு,

பாட்டிலில் எதையாவது செய்யட்டும், தப்பில்லை. அதற்கு ஸ்டீல்பான் என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம். அது இரும்பு டிரம்மின் அடித்தகட்டில் ஸ்வரங்களைத் தட்டி எழுப்புகிற வாத்தியம்.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகளும் பேரர்களும் கார்னிவல் என்கிற தெருத் திருவிழாவில் முரசடித்து ஊர்வலம் போவது, கரீபியத் தீவான டிரினிடாடின் பிரிட்டிஷ் அரசுக்குப் பிடிக்கவில்லை. 1880களில் சட்டம் போட்டு முரசை அடக்கினார்கள். சரி என்று ஜனங்கள் மூங்கிலை அளவு அளவாக வெட்டித் தரையில் குத்தி வாசித்தார்கள். 1930களின் கடைசியில் பிஸ்கட் டின் வந்தது, அப்புறம் ஆயில் டிரம். எண்ணெய் எடுக்கிற தீவு. உலகப்போரின்போது அமெரிக்கப் படைத்தளம் வேறு. டிரம்முக்கா பஞ்சம்?

குப்பைக் கதை அவ்வளவுதான். மீதி எல்லாம் கைவேலை. இருநூறு லிட்டர் டிரம்மின் அடித்தகட்டைச் சம்மட்டியால் அடித்துக் கிண்ணம்போலக் குழிக்க வேண்டும், கிழியாமல். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எல்லை குறித்துக் கோடு பதித்து, தீயில் காட்டி, சின்னச் சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் பக்கத்து ஸ்வரம் நழுவும். இந்த வேலை கைவந்தவருக்கு அங்கே தனி மரியாதை. இன்று நல்ல வாத்தியம் செய்பவர்கள் பலர் புது டிரம்மைத்தான் வாங்குகிறார்கள்.

சூழல் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டுமானால் டிரினிடாடின் கார்னிவல் வேஷக் கலைஞர் பீட்டர் மின்ஷாலைச் சொல்லுங்கள். 1983 கார்னிவலில் நதி மாசுபடுவதையே வேஷமாகக் கட்டியவர் அவர். ஒரு பக்கம் வெள்ளை உடுத்திய சலவைக்காரி, எதிரே இயந்திரக் கொடுக்குகளோடு நண்டு மனிதன். கடைசி நாளில் அவள் செத்துப்போகிறாள். நதியாக வந்த வெள்ளுடைக் கூட்டம் முழுக்கச் சாயத்தில் நனைகிறது. அதே கார்னிவலில் இன்று ஆடுபவர்களின் இறகும் மணியும் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. விழா முடிந்தால் தெருவெல்லாம் அதுதான் கிடக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பயனைக் கேட்டீர்கள். 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு டிரினிடாடிலிருந்து ஒரு ஸ்டீல்பான் குழு கப்பலேறிப் போனது. மற்றவர்கள் திரும்பினார்கள், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் அங்கேயே தங்கிவிட்டார். வாசித்தார், சொல்லிக்கொடுத்தார், சுவிட்சர்லாந்துவரை அந்த இசையைக் கொண்டுபோனார். மலைநாட்டுக்காரர்களுக்கு அது எப்படிப் பிடித்ததோ, ஊர் ஊராகக் குழு சேர்ந்தது. பெர்ன் நகரத்தில் ஸ்டீல்பான் செய்துகொண்டிருந்த ஃபெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் இருவரிடமும் சுவிஸ் தாளக் கலைஞர் ஒருவர், கையால் தட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். அவர் வாசித்தது நம்முடைய கடம்! இரண்டு கிண்ணத் தகடுகளைக் கவிழ்த்து ஒட்டி 2000 வாக்கில் அவர்கள் உருவாக்கியதுதான் 'ஹாங்'. இப்போது யூடியூபில் எல்லோரும் ஹேண்ட்பான் என்று மடியில் வைத்துத் தட்டுகிறார்களே, அந்தக் குடும்பத்துக்கு மூத்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இப்படி நடக்கும் என்று எழுதியிருக்க முடியாது. வாத்தியத்தோடு அதன் வேலை தெரிந்தவரும் போனதால் நடந்தது.

அதனால் அழைப்பை மறுக்காதீர்கள், பேரம் பேசுங்கள். படம் அனுப்புவதற்குப் பதிலாக, சுருதி சேர்க்கிறவர் ஒருவர் வீடியோவில் ஒரு மணி நேரம் சுத்தியலோடு உட்கார முடியுமா என்று கேளுங்கள். மானாமதுரை உங்களுக்குப் பக்கம்தான். ஈர மண்ணைப் பலகையால் தட்டித் தட்டிக் கடம் செய்கிற ஒருவரை நீங்கள் இந்தப் பக்கம் உட்கார வையுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.