மூன்றாமிடத்து டோஷாக்: வாசகர் கேள்வி-பதில்

கே: வேல்ஸ் கால்பந்து மேலாளர் ஜான் டோஷாக், ஸ்வான்சி சிட்டி கிளப்பை இங்கிலாந்து லீக்கின் நான்காம் டிவிஷனிலிருந்து அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்கு ஏற்றினாராம். ஆனால் ஒரு டிவிஷனிலும் பட்டம் வெல்லவில்லையே, எப்படி?

ப: மூன்று முறை ஏறினார்கள், மூன்று முறையும் மூன்றாமிடம்! அப்போது பிளே-ஆஃப் (மேலே போவது யார் என்று தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டங்கள்) கிடையாது. நான்காம் டிவிஷனில் முதல் 4 அணிகளும், மூன்றாம், இரண்டாம் டிவிஷன்களில் முதல் 3 அணிகளும் நேராக மேலே போய்விடும்.

லிவர்பூலில் கெவின் கீகனுக்கு ஜோடியாக ஆடியவர், 1978 மார்ச்சில் 28 வயதில் ஸ்வான்சிக்கு ஆட்டக்காரர்-மேலாளராக வந்தார். அந்த சீசனிலேயே முதல் ஏற்றம். 1979இல் இரண்டாம் ஏற்றம்; செஸ்டர்ஃபீல்டுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, வெற்றி கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் டோஷாக்கேதான். அடுத்த ஆண்டு இரண்டாம் டிவிஷனில் 12ஆவது இடம். அந்த ஓராண்டு நிதானத்தை யாரும் பேசுவதில்லை. 1981 மே 2 அன்று பிரெஸ்டனில் 3-1 என வென்று முதல் டிவிஷன்.

ஆள் சேர்த்த விதத்தில்தான் சூட்சுமம். ராபி ஜேம்ஸ், ஆலன் கர்டிஸ், ஜெரமி சார்ல்ஸ் என்று ஸ்வான்சியிலேயே வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். டாமி ஸ்மித், இயன் காலஹன் போன்ற பழைய லிவர்பூல் கைகள் மறுபக்கம். பிறகு யூகோஸ்லாவியாவிலிருந்து ராய்கோவிச். அவரைத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் ஸ்வீப்பராக நிறுத்தினார். இங்கிலாந்தில் அப்போது அது அபூர்வம்.

கே: அப்புறம் ஏன் அப்படிச் சரிந்தது?

ப: ஏற்றிய வேகமே இறக்கியது. முதல் டிவிஷனில் முதல் ஆட்டத்தில் லீட்ஸை 5-1 என உதைத்தார்கள், பாப் லாட்ச்ஃபோர்டு ஹாட்ரிக். சீசன் முடிவில் 6ஆவது இடம். ஆனால் முப்பது வயதை எட்டியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் மாற்று ஆள் வளரவில்லை. காலின் இர்வினுக்கு 3,50,000 பவுண்டு கொடுத்தார்கள், முழங்கால் போயிற்று. வாங்கிய கடனை அடைக்க ஆட்களை விற்க, விற்றதால் தோற்க, 1983இலும் 1984இலும் இறங்கினார்கள். 1985 டிசம்பரில் கிளப்பே மூடும் நிலை. 1986இல் மீண்டும் நான்காம் டிவிஷன்: மேலே போக நான்கு சீசன், கீழே வரவும் நான்கு.

கே: ஸ்பெயினில் சாதித்தாரா?

ப: ரியால் சோசிதாதுக்கு 1987இல் கோபா டெல் ரே (ஸ்பெயினின் மன்னர் கோப்பை), பெனால்டியில் அத்லெட்டிகோ மாட்ரிட்டை வென்று. 1989-90இல் ரியால் மாட்ரிட்டுக்கு லீக் பட்டம். 38 ஆட்டங்களில் 107 கோல், அதில் 38 ஹியூகோ சான்செஸுடையது. அடுத்த நவம்பரிலேயே வேலை போனது. மாட்ரிட்டில் கோல் கணக்கு ஒரு வருடம்தான் செல்லும்.

கே: வேல்ஸ் தேசிய அணிக்கு மேலாளராக?

ப: 1994இல் ஒரே ஒரு ஆட்டம், நார்வேயிடம் 1-3, ராஜினாமா. 2004இல் திரும்பி வந்து, 2006இல் 16 வயது கேரத் பேலை முதன்முதலாகக் களமிறக்கினார்.