ஏழடிப்பட்டத்துக்கு ஒரு லிங்க்

அன்புள்ள சார்,

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் பிள்ளைகளைச் சித்தன்னவாசல் கூட்டிப்போனோம். எல்லாரும் மலைமேல் சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறினார்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவி மட்டும் என்னோடு அடிவாரத்தில் இருந்தாள். விஆரில், அதாவது நேரில் நிற்பதுபோலச் சுற்றிப் பார்க்கவைக்கும் மெய்நிகர் காட்சியில், காட்டலாமே என்கிறார்கள். அதற்குக் கண்ணில் மாட்டும் ஹெட்செட் வாங்கப் பணமில்லை. வேறு வழி உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

ஹெட்செட் வேண்டாம், பிரவுசர் போதும். பிரவுசரிலேயே விஆர் காட்சி அமைக்க உதவும் ஏ-ஃபிரேம் என்ற மென்பொருளை மொஸில்லா குழு 2015 டிசம்பரில் வெளியிட்டது; இலவசம். வலைப்பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். மொழி கொஞ்சம் தெரிந்தவர் ஒரு மாலையில் பிடித்துக்கொள்ளலாம். 360 டிகிரி படம் ஒன்றை வானம் மாதிரி நம்மைச் சுற்றிக் கவிழ்க்க ஒரு வரிதான் எழுத வேண்டும். லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், போனைத் திருப்பத் திருப்பக் காட்சியும் திரும்பும். கம்ப்யூட்டரில் மவுஸால் இழுத்துப் பார்க்கலாம். ஆப் எதுவும் இறக்க வேண்டியதில்லை. ஐபோன் மட்டும் முதலில் அனுமதி கேட்கும்.

படம் எடுக்கும்போதுதான் நிதானம் வேண்டும். கேமராவைப் பொதுவாக நிற்பவரின் கண்ணுயரத்தில் வைப்பார்கள். நீங்கள் அந்தப் பிள்ளை நாற்காலியில் இருக்கும்போது அவள் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நாடாவால் அளந்து, அங்கே வையுங்கள். பாறையில் வெட்டிய படி, கம்பித் தடுப்பு, மேலே வழவழவென்றிருக்கும் 17 கற்படுக்கைகள், தமிழ் பிராமி எழுத்து எல்லாம் அவள் உயரத்திலிருந்தே தெரியட்டும். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படம் 4096க்கு 2048 பிக்சல் போதும். அதற்கு மேல் போனால் பழைய போன்கள் திணறும்.

முழங்கால் வலியால் வெளியே போகாத என் பெரியம்மாவுக்கு ஒரு கோயில் பிராகாரத்தை இப்படிச் செய்து கொடுத்தேன். கேமரா இடத்துக்கு இடம் மிதந்து போகும்படி வைத்திருந்தேன். பத்தே விநாடியில் கண்ணை மூடிக்கொண்டு "தலை சுத்துதுடா" என்றார். உடம்பு உட்கார்ந்திருக்க, கண்ணுக்கு மட்டும் நகர்வது போலிருந்தால் அப்படித்தான் ஆகும். திரை இருண்டு, அடுத்த இடத்தில் வெளிச்சமாகும்படி மாற்றினேன். அப்புறம் அரைமணி நேரம் பார்த்தார்.

அதே வலைப்பக்கத்தைப் பார்வையற்ற நண்பரிடம் கொடுத்தேன். அவர் திரை முழுக்க விரலால் தடவினார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு போனின் டாக்பேக் வாயே திறக்கவில்லை. கேன்வாஸில், அதாவது பக்கத்தில் படம் வரைவதற்கான பரப்பில், வரைகிற காட்சிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது. ஆகவே 'அடுத்த இடம்' பொத்தானைக் காட்சிக்குள் மிதக்கவிடாமல், படத்துக்குக் கீழே சாதாரண எச்.டி.எம்.எல். பொத்தானாகப் பெரிதாக வையுங்கள். கை நடுங்குகிறவர்களுக்கும் அதுதான் வசதி. கூடவே, இடத்துக்கு நாலு வரி விவரிப்பு இருக்கட்டும். அதை ஏறிப்போன பிள்ளைகளே எழுதலாம்: காற்று எப்படி அடித்தது, கல் எவ்வளவு சுட்டது, எங்கே கால் வழுக்கியது என்று.

எங்கெங்கே கேமரா வைக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த மாணவியிடமே கேளுங்கள். கீழே இருந்தபடி அவள் எதைப் பார்க்க ஏங்கினாள் என்று அவளுக்குத்தானே தெரியும். முடிந்ததும் லிங்க்கை எனக்கும் அனுப்புங்கள், டீச்சர்.