பத்தாயிரம் சேர்மம் வாங்கும் முன் குப்பியைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை ஆய்வு செய்யும் வாசகி கேட்கிறார்: "எங்கள் ஆய்வகத்தில் தயாரித்த சேர்மங்களைக் காசநோய்க் கிருமியின் மேல் சோதித்தோம். சில நன்றாக வேலை செய்தன. அதே குப்பிகளிலிருந்து எடுத்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பத்தாயிரம் சேர்மம் உள்ள தொகுப்பை வாங்கிவிடலாமா?"

இப்போது வேண்டாம். முதலில் உங்கள் குப்பிகளைப் பாருங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துத்தான் வைத்திருப்பீர்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டர்பன் கோடையில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஏறினால் சில சேர்மங்கள் அடியில் படிந்துவிடும். குப்பியின் மேல் செறிவு 10 மில்லிமோலார் என்று எழுதியிருக்கும், நீங்கள் உறிஞ்சி எடுப்பதில் அது இருக்காது. சுத்தமான டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரி செல்சியஸில் உறையும்; தண்ணீர் கலந்தால் உறைநிலை இறங்கும். ஆகவே 4 டிகிரி குளிர்பெட்டியிலும் உறையாமல் கிடக்கும் கரைசலைச் சந்தேகப்படுங்கள். மின்வெட்டில் உருகி உருகி உறைந்த கரைசலும் அப்படித்தான். தூளைத் தனியே வைத்துக்கொண்டு, கரைசலை ஒரு தடவைக்கு ஆகும் அளவாகச் சிறு குப்பிகளில் பிரித்து வையுங்கள்.

அடுத்த சந்தேகம் மாசு. பல்லேடியம் உலோகத்தை வினையூக்கியாகக் கொண்ட சுசுகி வினையில் தயாரித்த சேர்மத்தில் அந்த உலோகம் தங்கியிருக்கலாம். துத்தநாகம் கலந்தாலும் பொய்யான பலன் காட்டும். சேர்மங்களைப் பிரித்து எடை பார்க்கும் எல்சி-எம்எஸ் கருவியின் வரைபடத்தில் ஒரே உச்சி அழகாகத் தெரியும், ஆனால் இந்த உலோக மிச்சம் அதில் தெரியாது. அதனால் வேலை செய்த சேர்மங்களை, முடிந்தால் வேறு வழியில், புதிதாகத் தயாரித்துச் சுத்திகரித்துச் சோதியுங்கள். ரோடனின், குயினோன் போன்ற அமைப்புகள் எந்தச் சோதனையிலும் பலன் காட்டும் பழக்கமுள்ளவை. அவற்றின் மேல் மாதக்கணக்கில் உழைக்காதீர்கள்.

இதையும் தாண்டி நிற்கும் சேர்மம் ஒன்று கிடைத்தாலும் போதும். அதைச் சுற்றி, அமைப்பில் சிறிது மட்டும் மாறும் இருபது முப்பது உறவுச் சேர்மங்களைத் தயாரியுங்கள். எந்தத் தொகுதியை மாற்றினால் பலன் ஏறுகிறது, எதில் விழுகிறது என்று தெரிந்துவிடும். பெரிய தொகுப்பு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 2012-இல் அறிவிக்கப்பட்ட மலேரியா சேர்மம் எம்எம்வி390048-க்கு ஆரம்பம் ஆஸ்திரேலியாவில் மலேரியாக் கிருமியின் மேல் சோதித்துச் சலித்த ஒரு வணிகத் தொகுப்புதான். ஆனால் அதை மனிதர்களில் சோதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கெல்லி சிபாலே குழு ஒவ்வொன்றாகத் தயாரித்துப் பார்த்த உறவுச் சேர்மங்கள். நம் நாட்டிலேயே நடந்த வேலை இது. அந்தக் கட்டுரைகளை வரிவரியாகப் படியுங்கள்.

மாத்திரையாகும் சேர்மங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பான மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டியதற்காக மட்டும் எதையும் ஒதுக்காதீர்கள். காசநோய்க்குக் கொடுக்கும் பெடாகுவிலின் மருந்தின் எடையே 555.

வெளியிலிருந்து சேர்மம் வேண்டுமென்றால், மலேரியா மருந்துகளுக்காக ஜெனீவாவில் இயங்கும் எம்எம்வி நிறுவனம் 400 சேர்மங்கள் கொண்ட 'பேத்தஜன் பாக்ஸ்' பெட்டியை ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது; காசநோய்ச் சேர்மங்களும் அதில் உண்டு. இப்போது எந்தப் பெட்டி தருகிறார்கள் என்று உங்கள் பேராசிரியர் பெயரில் எழுதிக் கேளுங்கள். பத்தாயிரத்துக்கான பணத்தில் முதலில் எல்சி-எம்எஸ் நேரமும் நல்ல மூடியுள்ள குப்பிகளும் வாங்குங்கள்.