மொபிலிட்டி ஸ்கூட்டர் ஏத்த என்ன கார் நல்லம்?
திருகோணமலையில நாலு பேர் குடும்பம், அப்பாட மொபிலிட்டி ஸ்கூட்டரையும் (நடக்கக் கஷ்டப்படுறவை இருந்து ஓட்டுற பெட்டரி வண்டி) ஏத்தோணும் எண்டு கேட்டிருக்கிறீங்க. முதல்ல ஸ்கூட்டர அளந்து பாருங்க, ஹேண்டில மடிச்ச பிறகு உள்ள உயரமும் வேணும், ஏனெண்டா டிக்கிக்குள்ள இடம் கிடந்தாலும் வாசல் உயரம் குறைவெண்டா உள்ள போகாது, எங்கட மாமிக்கு வாங்கேக்க இதிலதான் மாட்டுப்பட்டம். மடிக்கிற சின்னதே 20, 30 கிலோ வரும், பெட்டரிய கழட்டினா பாரம் குறையும். பெரிசு 100 கிலோவும் தாண்டும், அத தூக்க நினைக்காதீங்க, சாய்வுப் பலகை வேணும்.

வேகன் ஆர்ல பின் சீட்ட மடிச்சாத்தான் இடம் வரும், அப்ப ஒராள் எங்க இருக்கிறது? சுசுக்கி எவ்ரி மாதிரி பின்கதவு உயரமா திறக்கிற வான்தான் என்ர விருப்பம். காசு குடுக்க முதல் ஸ்கூட்டர கொண்டுபோய் ஏத்திப் பாருங்க, அப்பாவும் ஒருக்கா ஏறி இறங்கிப் பாக்கட்டும்.