பைட்டி கிண்ணம் அச்சை விட்டு வரவில்லையா?

கேள்வி: பெரானாக்கான் (மலாய் மண்ணில் குடியேறிய சீனர் வழிவந்தவர்கள்) பலகாரமான குவே பைட்டியை, அதாவது மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் காய்ப் பூரணம் வைப்பதை, வீட்டில் செய்து பார்க்கிறேன் அக்கா. மாவு அச்சை விட்டுக் கழலவே மாட்டேன் என்கிறது. மீறி வந்தாலும் பூரணம் வைத்ததும் நமத்துவிடுகிறது. – வாசகி, ஈசூன்

பதில்: அச்சு முறுக்கு சுட்ட கை என்றால் பாதி வேலை தெரிந்த மாதிரிதான். அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகச் சூடாக்குங்கள், மாவில் தோய்க்கும்போது ‘சொய்’ என்று சத்தம் வர வேண்டும், வரவில்லையென்றால் சூடு போதாது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரைதான் தோய்க்கணும். மேலே ஏறினால் மாவு அச்சைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் கத்தியால் நெம்பி உடைக்க வேண்டியதுதான். மைதா 100 கிராம், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, ஒரு முட்டை, உப்பு, சுமார் 200 மில்லி தண்ணீர். கரைத்து, வடிகட்டி, அரை மணி நேரம் வையுங்கள். அரிசி மாவைக் குறைக்காதீர்கள், மொறுமொறுப்பே அதில்தான்.

நமத்துப்போவது பூரணத்தில் போடும் பங்குவாங் (ஜிக்காமா என்கிற வெள்ளைக் கிழங்கு) விடுகிற தண்ணீரால். துருவாமல் மெல்லிய குச்சியாக நறுக்கி, பூண்டு, உலர்ந்த இறால், தௌசியோவோடு (புளிக்கவைத்த சோயா விழுது) சாறு வற்றும்வரை வதக்கி, வடிதட்டில் போட்டு ஆறவிடுங்கள். முக்கியமாக, நீங்களே நிரப்பி அடுக்கி வைக்க வேண்டாம். கிண்ணம், பூரணம், மிளகாய்ச் சாந்து எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டால் அவரவர் நிரப்பி உடனே வாயில் போட்டுக்கொள்வார்கள்.