கிராமத்து மக்கள் வருவதைத் தடுத்தால் வளரும் ஊரின் நெரிசல் குறையுமா?

குறையாது. நானும் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து குடியேறியவன்தான். அதனால் நடுநிலை வேடம் போட மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியின் கணக்கே இடிக்கிறது. ஓர் ஊரின் மக்கள்தொகை உள்ளூர்ப் பிறப்புகளாலும் பெருகும், எல்லையை விரித்துப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்துக்கொள்வதாலும் பெருகும். அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. பழி மட்டும் வந்தேறிகள் தலையில்!

வருபவர்களும் எங்கோ தொலைவிலிருந்து படையெடுப்பவர்கள் அல்லர். பிரிட்டனின் குடிக்கணக்கை அலசி 1885இல் புவியியலாளர் ராவன்ஸ்டைன் எழுதியது பெருமளவு இன்றும் பொருந்துகிறது: பெரும்பாலோர் குறைந்த தூரமே பெயர்கிறார்கள், அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை இன்னும் தள்ளியிருப்பவர்கள் நிரப்புகிறார்கள், ஒவ்வொரு பெயர்வுக்கும் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. திரும்பிப் போகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை.

ஏன் வருகிறார்கள்? கூலி அதிகம் என்பது பாதிப் பதில்தான். 1970இல் பொருளியலாளர்கள் ஹாரிஸும் டொடாரோவும் சொன்னபடி, வேலை கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்தே மக்கள் எடைபோடுகிறார்கள். அதனால் ஊரில் நூறு புது வேலைகள் உருவானால், அவற்றை நம்பி நூறு பேருக்கு மேல் வந்து சேரலாம். வேலையின்மை கூடவும் செய்யலாம். எனக்கு இதைவிடப் பிடித்த விளக்கம், 1980களில் பொருளியலாளர் ஸ்டார்க் போன்றவர்கள் முன்வைத்தது: பெயர்வது ஒருவர், முடிவெடுப்பது குடும்பம். மழை பொய்த்தால் நிலம் கைவிடும், முதலாளி விரட்டினால் ஊர் கைவிடும். இரண்டும் ஒரே நாளில் நடக்காது என்ற நம்பிக்கையில் ஒரு பிள்ளையை வயலிலும் ஒரு பிள்ளையை ஊரிலும் நிறுத்துகிறார்கள். பயிர்க் காப்பீடோ நியாயமான வட்டிக்குக் கடனோ கிடைக்காத வீட்டுக்கு மாதாமாதம் வரும் பணம்தான் காப்பீடு. இவர்களை நாகரிக மோகம் பிடித்தவர்கள் என்று எழுதுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

தடுத்துப் பார்த்த நாடும் உண்டு. சீனா 1958இல் ஒவ்வொருவரையும் பதிவான இடத்தோடு பிணைக்கும் ஹுகோ என்னும் குடும்பப் பதிவுமுறையைச் சட்டமாக்கியது. சில பத்தாண்டுகள் அது மக்களைக் கட்டிப்போட்டது உண்மை. ஆலைகள் பெருகிக் கைகள் தேவைப்பட்டதும் கிராமத்தவர் வந்தார்கள், பள்ளியும் மருத்துவமும் உள்ளூர்க்காரர் அளவுக்குக் கிடைக்காத இரண்டாந்தரக் குடிகளாக. 2020 கணக்கெடுப்பின்படி, பதிவான இடத்தை விட்டுப் பெயர்ந்து வாழ்வோர் 37 கோடிக்கும் மேல்.

செய்ய வேண்டியதை, ஊரைச் சுற்றியுள்ள நிலம் இன்னும் வயலாக இருக்கும்போதே செய்ய வேண்டும்: சாலைக்கும் வடிகாலுக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்குவது. வீடுகள் எழும்பிய பிறகு அதே நிலத்துக்கு இழப்பீடு கொடுத்தே கஜானா காலியாகும். நியூயார்க் 1811இல், மக்கள் ஒரு லட்சத்தைத் தொடும் முன்பே, மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதிக்குத் தெருக்கோடு போட்டது. பிறகு வந்த லட்சக்கணக்கானோர் அந்தக் கோடுகளுக்குள் வீடு கட்டினார்கள். ஆனால் பெரிய பூங்காவுக்கு அதில் இடம் விடவில்லை. 1850களில் சென்ட்ரல் பார்க் அமைக்க முடிவானபோது, அந்த நிலத்தில் வீடும் தேவாலயமும் கட்டி வாழ்ந்துகொண்டிருந்த கறுப்பினத்தவரையும் ஐரிஷ் குடியேறிகளையும் வெளியேற்றினார்கள்.